எலும்பு காட்டும் வயதும் சட்டம் கேட்கும் வயதும்

பெங்களூரு நகரத்திற்குத் தெற்கே, ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் எலெக்ட்ரானிக் சிட்டி அமைந்துள்ளது. கர்நாடக அரசைச் சார்ந்த கியோனிக்ஸ் நிறுவனம், ஆர். கே. பாலிகா அவர்களின் முயற்சியால், 1978-ஆம் ஆண்டில் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் இதனை நிறுவியது. கணிப்பொறித் தொழிலுக்கு உலகெங்கும் பெயர் பெற்ற இவ்விடத்தில், அளவைகளும் கணக்கீடுகளும் வியக்கத்தக்க நுட்பத்துடன் நடைபெறுகின்றன. ஆயினும், இங்குள்ள கட்டடங்களை எழுப்பியவர்களும், உணவு விடுதிகளிலும் பட்டறைகளிலும் உழைப்பவர்களும் பெரும்பாலும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், கர்நாடகத்தின் வட மாவட்டங்கள், தமிழ்நாட்டின் எல்லைப்புற ஊர்கள் ஆகியவற்றிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளில் சிலருக்குப் பிறந்த நாளைக் குறித்த தாள் ஒன்றும் இல்லை. வெள்ளம் வந்த ஆண்டில் பிறந்தான், மூத்தவளுக்கு இரண்டு வயது இளையவள் என்பனவே அவர்கள் அறிந்த கணக்கு.

இத்தகைய பிள்ளை ஒருவன் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டுப் பிடிபட்டால், அவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்துவதா, பெரியோருக்குரிய நீதிமன்றத்தின் முன் நிறுத்துவதா என்பது அவனுடைய வயதைப் பொறுத்தது. பட்டறையில் வேலை செய்பவன் 14 வயது நிரம்பாதவனாயின், அவனை அவ்வேலைக்கு வைத்ததே குற்றமாகும். பாலியல் கொடுமைக்கு உள்ளான பெண் 18 வயதுக்கு உட்பட்டவளாயின் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அவளுக்குத் துணை நிற்கும். அவ்வயதைக் கடந்தவளாயின் அச்சட்டம் பொருந்தாது. சான்றிதழ் இல்லாதபோது, அதிகாரிகள் பிள்ளையை மருத்துவமனைக்கு அனுப்பி, கையையும் முழங்கையையும் இடுப்பையும் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து, வயது எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்கிறார்கள்.

இக்கேள்விக்கு ஒரே எண்ணால் விடை கூறும் வழக்கம் விஞ்ஞானத்திற்குப் பொருந்தாது, நீதிக்கும் நல்லதன்று. எலும்பு காட்டுவது வயதின் எல்லைகளையே ஆகும். அவ்வெல்லைகளை மறைக்காமல் கூறுவது மருத்துவரின் கடமை. அவற்றிடையே எழும் ஐயத்தின் பயனை யாருக்கு அளிப்பது என்று வெளிப்படையாகத் தீர்மானிப்பது சட்டத்தின் கடமை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதாலேயே பல தவறுகள் நேர்கின்றன.

எலும்பு வளரும் முறை

பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தால், அங்கே எலும்பு எதுவும் தென்படுவதில்லை. மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளும் அப்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. குருத்தெலும்பு படத்தில் நிழல் காட்டாது. சில மாதங்களுக்குள் இரண்டு எலும்புகளின் நடுவே சுண்ணாம்புச் சத்துப் படிந்து, சிறு புள்ளிகள் தோன்றுகின்றன. அதன்பின் ஒவ்வொன்றாக மற்றவை தோன்றி, பட்டாணி போன்ற எட்டாவது எலும்பு ஏறத்தாழ 9 முதல் 12 வயதிற்குள் புலப்படுகிறது. இளம் பருவத்தில் வயதைக் கணிக்க இத்தோற்ற வரிசை பெரிதும் உதவுகிறது.

பருவ வயதை நெருங்கும்போது வேறொரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். நீண்ட எலும்புகளின் நடுத்தண்டுக்கும் முனைக்கும் இடையே வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்புப் படலம் உண்டு. எலும்பு நீள்வது இப்படலத்தினாலேயே. வளர்ச்சி முடியுங்காலத்தில் படலம் எலும்பாக மாறி, முனையும் தண்டும் ஒன்றாக இணைந்துவிடுகின்றன. முழங்கையில் இவ்விணைப்பு முதலில் நிகழ்கிறது. மணிக்கட்டருகே ஆரை எலும்பின் கீழ்முனை, பெண்களுக்கு ஏறத்தாழ 16, 17 வயதிலும் ஆண்களுக்கு 17 முதல் 19 வயதிலும் இணைகிறது. இடுப்பெலும்பின் மேல்விளிம்பு பின்னர் இணைகிறது. காறை எலும்பின் உள்முனை எல்லாவற்றிற்கும் கடைசியாக, இருபது வயதிற்குப் பின்னரே முழுதும் இணைகிறது.

இவ்வரிசை எல்லா மக்களிடத்தும் ஏறக்குறைய ஒன்றே. வரிசையின் வேகமோ ஆளுக்கு ஆள் வேறுபடும். பெண்கள் பருவ வயதில் ஆண்களைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டு முந்துகிறார்கள். போதிய உணவின்மை, நெடுநாள் நோய், தைராய்டுச் சுரப்பின் குறைவு ஆகியவை எலும்பின் முதிர்ச்சியைத் தாமதப்படுத்துகின்றன. முன்கூட்டியே வரும் பூப்பு அதனை விரைவுபடுத்துகிறது. நோயற்ற பிள்ளைகளிடையிலும் வேறுபாடு சிறிதன்று. ஒரே நாளில் பிறந்து, ஒரே பள்ளியில் பயிலும் இரு சிறுவர்களுள் ஒருவனுக்கு 16 வயதில் மணிக்கட்டு முழுதும் இணைந்திருக்க, மற்றவனுக்கு 18 வயதிலும் வளர்ச்சித் தட்டின் கோடு தெளிவாகத் தெரிவதுண்டு. இருவரும் நல்ல உடல்நலம் உடையவர்களே.

எவருடைய அளவுகோல்?

எலும்பு வயதைக் கணிக்க உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் நூல், குரூலிக், பைல் ஆகிய இருவர் வெளியிட்ட கைப்படத் தொகுப்பாகும். அதன் முதற்பதிப்பு 1950-இலும் இரண்டாம் பதிப்பு 1959-இலும் வெளிவந்தன. அதிலுள்ள படங்கள், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லண்டு நகரில் 1931 முதல் 1942 வரை எடுக்கப்பட்டவை. வசதி படைத்த வெள்ளையர் குடும்பத்துப் பிள்ளைகளே அவ்வாய்வில் இடம்பெற்றனர். பிறந்த நாள் ஐயமின்றித் தெரிந்த பிள்ளையின் வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று மருத்துவர் சோதிப்பதற்காகவே அத்தொகுப்பு ஆக்கப்பட்டது. வயது இன்னது, வளர்ச்சி எவ்வாறு என்பது அந்நூலின் கேள்வி. குற்றவியல் மருத்துவமோ, வளர்ச்சி இவ்வாறு, வயது என்ன என்று தலைகீழாகக் கேட்கிறது. ஒரு வயதினரிடையே வளர்ச்சி எவ்வளவு பரந்து வேறுபடுகிறதோ, அவ்வளவு ஐயம் இத்தலைகீழ்க் கேள்விக்கான விடையிலும் புகுந்துவிடும்.

இந்தியாவில் இத்துறை புதியதன்று. ஜெய்சிங் பி. மோடி எழுதிய மருத்துவச் சட்டவியல் நூல் 1920 முதல் நீதிமன்றங்களில் எடுத்தாளப்பட்டு வருகிறது. வங்காளத்தில் கால்ஸ்டான் செய்த எலும்பாக்க ஆராய்ச்சி 1937-இல் வெளிவந்து, நெடுங்காலம் இந்தியர்களுக்குரிய அட்டவணையாகக் கொள்ளப்பட்டது. அவ்வாராய்ச்சி மதிப்பிற்குரியது, எனினும் அக்காலத்து வங்காளப் பிள்ளைகளின் உணவும் நோயும் வேறு, இக்காலத்துப் பிள்ளைகளின் உணவும் நோயும் வேறு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடத்தப்பெற்று 2009-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், அங்கு வாழும் ஆசிய வழியினரான பிள்ளைகளின் எலும்புகள் பருவ வயதில் வெள்ளையப் பிள்ளைகளின் எலும்புகளைவிட முந்தி முதிர்வது காணப்பட்டது. ஜெர்மானிய அறிஞர்களோ, எலும்பாக்கத்தின் வேகத்தை இனத்தைவிட வாழ்க்கை வசதியே மிகுதியாகப் பாதிக்கிறது என்று கருதுகின்றனர். வறுமையில் வளர்ந்த பிள்ளையின் எலும்பு அவனுடைய உண்மை வயதைவிடக் குறைந்த வயதைக் காட்டக்கூடும் என்பது அவர்கள் கருத்தின் பொருள். ஆகவே, எந்த அளவுகோலும் யாரைக் கொண்டு அமைக்கப்பட்டது என்பதை விசாரியாமல் அதனைப் பயன்படுத்துதல் ஆபத்தாகும்.

நீதிமன்றத்தின் முன்

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 94-ஆம் பிரிவில் தெளிவான வரிசை ஒன்றை வகுத்துள்ளது. பள்ளி அளித்த பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது மெட்ரிகுலேஷன் சான்றிதழ் முதலிடம் பெறுகிறது. அது இல்லையேல் நகராட்சி, ஊராட்சி முதலிய அமைப்புகள் அளித்த பிறப்புச் சான்றிதழ் கொள்ளப்படும். இவை இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்பாக்கச் சோதனையோ வேறு மருத்துவச் சோதனையோ நடத்தப்பட வேண்டும். உத்தரவிட்ட 15 நாட்களுக்குள் அது முடிய வேண்டும். எலும்பைவிட ஏட்டை நம்பும் இவ்வரிசை முறையானதே.

ஏட்டின் பெருமையை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று நன்கு காட்டுகிறது. 1994-இல் புனேயில் நடந்த கொலைகளுக்காக மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒருவர், குற்றம் நடந்த நாளில் 12 வயதும் 6 மாதமுமே நிரம்பியவர் என்று ராஜஸ்தான் பள்ளியொன்றின் பதிவுகளிலிருந்து தெரியவந்தது. அவர் விடுதலை செய்யப்பட்டபோது 28 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார். வளர்ந்து முடிந்த மனிதரின் எலும்பிலிருந்து, அவர் முன்னொரு நாளில் சிறுவராக இருந்தாரா என்பதை எந்த எக்ஸ்-கதிரும் காட்ட முடியாது. சோதனை தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் எலும்பின் சாட்சியம் மங்கிக்கொண்டே போகும்.

எக்ஸ்-கதிர்க் கணிப்பில் இருபுறமும் இரண்டு ஆண்டு வரை பிழை நேரக்கூடும் என்பதை உச்ச நீதிமன்றம் 1982-லேயே ஏற்றுக்கொண்டது. விஞ்ஞானக் கணக்கும் இதனோடு ஒத்துப்போகிறது. பருவ வயதில் எலும்பு வயதின் திட்ட விலக்கம் ஏறத்தாழ ஓராண்டாகும். நூற்றுக்கு 95 பேரை அடக்க வேண்டுமாயின், இருபுறமும் இரண்டு ஆண்டு விட வேண்டும். இதனைச் சிறு கணக்கால் விளக்கலாம். ஒருவனுடைய வயது 17 என்று கணிக்கப்பட்டு, விலக்கம் ஓராண்டு எனக் கொண்டால், அவ்வாறு கணிக்கப்பட்ட நூறு பேரில் ஏறத்தாழ 16 பேர் உண்மையில் 18-ஐக் கடந்தவர்களாக இருப்பார்கள். கணிப்பு 18 என்றே வருமாயின், பாதிப்பேர் இப்பக்கம், பாதிப்பேர் அப்பக்கம். அந்நிலையில் ‘வயது 18’ என்று மட்டும் எழுதிக் கையொப்பமிடும் அறிக்கை, காசைச் சுண்டிப் பார்த்து முடிவு கூறுவதற்கு ஒப்பாகும்.

இந்த இரண்டு ஆண்டு யாருக்குப் பயன்படுகிறது என்பதைக் கவனித்தால் சிக்கலின் முழு உருவம் புலப்படும். குற்றஞ்சாட்டப்பட்டவன் சிறுவனாக இருக்கக்கூடுமாயின், கீழெல்லையைக் கொள்வது அவனுக்குப் பாதுகாப்பு. 2007-ஆம் ஆண்டு விதிகள் ஓராண்டு வரை குறைத்துக் கொள்ள இடமளித்தன. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வாசகம் இடம்பெறவில்லை. கொடுமைக்கு உள்ளான பெண்ணின் வயதைக் கணிக்கும்போது இதே ஐயம் எதிர்ப்பக்கம் சாய்கிறது. 2024 ஜூலையில் டில்லி உயர் நீதிமன்றம், போக்சோ வழக்குகளில் எலும்புச் சோதனையின் மேலெல்லையைக் கொண்டு, அதன்மேல் இரண்டு ஆண்டுப் பிழையையும் கூட்ட வேண்டும் என்று கூறியது. ஐயத்தின் பயன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே உரியது என்னும் பழைய நெறி இதன் அடிப்படை. இவ்வாறு கணக்கிட்டால், 16 முதல் 18 வரை என்று அறிக்கை பெற்ற பெண் 20 வயதினளாகக் கருதப்படுவாள். தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில், 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பள்ளி மாற்றுச் சான்றிதழ் 94-ஆம் பிரிவு குறிக்கும் ஆவணமன்று என்றும், எலும்புச் சோதனை 18 வயதிற்கு மேற்பட்ட வயதையே காட்டுகிறது என்றும் கூறிப் போக்சோ குற்றச்சாட்டிலிருந்து எதிரியை விடுவித்தது.

இத்தீர்ப்புகள் சட்டத்தின் தர்க்கத்திற்கு ஏற்றவையே. ஆனால் அவற்றின் விளைவு யாது? பிறப்புச் சான்றிதழ் உள்ள 16 வயதுப் பெண்ணுக்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் கிடைக்கிறது. சான்றிதழ் இல்லாத 16 வயதுப் பெண், எக்ஸ்-கதிர் அறையைக் கடந்து வரும்போது, அதே பாதுகாப்பை இழந்துவிடக்கூடும். இருவரிடையே வேறுபாடு ஒரு தாள் மட்டுமே. அத்தாள் இல்லாதவள் பெரும்பாலும் ஏழையாகவும், ஊர் விட்டு ஊர் வந்தவளாகவும் இருக்கிறாள்.

கணிப்பொறி தீர்த்து வைக்குமா?

எலும்புப் படங்களைக் கணிப்பொறி கொண்டு படிப்பதால் பிழை நீங்கிவிடும் என்ற நம்பிக்கை பரவி வருகிறது. எலெக்ட்ரானிக் சிட்டி போன்ற இடங்களில் இந்நம்பிக்கை தோன்றுவது இயல்பே. இதன் உண்மை அளவை அறிந்துகொள்வது நலம். வட அமெரிக்கக் கதிரியல் சங்கம் 2017-இல் இதற்கென ஒரு போட்டி நடத்தியது. 14,236 கைப்படங்கள் திரட்டப்பட்டு, அவற்றுள் 12,611 படங்கள் கணிப்பொறிகளைப் பயிற்றுவிக்க அளிக்கப்பட்டன. வெற்றி பெற்ற முறையின் சராசரிப் பிழை ஏறத்தாழ நாலேகால் மாதமே.

கேட்போருக்கு இது வியப்பளிக்கும். ஆனால் பிழை எதனோடு ஒப்பிட்டு அளக்கப்பட்டது என்று வினவ வேண்டும். கதிரியல் நிபுணர்கள் அப்படங்களைப் பார்த்துக் கூறிய எலும்பு வயதோடுதான் கணிப்பொறியின் விடை ஒப்பிடப்பட்டது; பிள்ளைகளின் பிறந்த தேதியோடு அன்று. நிபுணர் காண்பதைக் கணிப்பொறியும் காண்கிறது. களைப்பின்றியும், ஒரே சீராகவும் காண்கிறது. ஒரு டாக்டர் 16 என்றும் மற்றொருவர் 17 என்றும் கூறும் முரண்பாடு இதனால் குறையும். அது பெரும் நன்மையே. ஆயினும், ஒரே வயதுடைய இரு பிள்ளைகளின் எலும்புகள் வேறு வேறு வேகத்தில் முதிர்வதை எக்கணிப்பொறியும் மாற்ற முடியாது. நுட்பமான தராசு நெல்லின் எடையைச் சரியாகக் காட்டும். அந்நெல் விதைத்த நாளைக் காட்டாது. பிழை மாதக் கணக்கில் குறைந்துவிட்டது என்ற செய்தி இவ்வேறுபாடு விளக்கப்படாமல் நீதிமன்றத்தை எட்டுமாயின், பழைய டாக்டரின் கையெழுத்தைவிட அதிக நம்பிக்கை பெற்று, அதிகத் தீங்கு விளைவிக்கும்.

எல்லைகளைக் கூறும் அறிக்கையால் நீதிபதிக்குப் பயனில்லை, அவருக்கு வேண்டியது ஆம் அல்லது இல்லை என்னும் விடையே என்று சிலர் கூறுவர். நீதிமன்றங்கள் ஐயத்தைக் கையாளப் பழகாதவை அல்ல. சாட்சிகளின் ஐயத்தை அவை நாள்தோறும் எடைபோடுகின்றன. 16 முதல் 19 வரை என்று அறிக்கை கூறினால், எவ்வெல்லையைக் கொள்வது என்று நீதிபதி காரணம் காட்டி எழுத நேரிடும். அக்காரணத்தை மேல்நீதிமன்றம் ஆராயலாம். டாக்டரே மனத்துள் தீர்மானித்து 18 என்று எழுதிவிட்டால், ஆராய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, அறிக்கையின் வடிவம் திருந்த வேண்டும். எந்த எலும்புகள் எந்நிலையில் காணப்பட்டன, எந்த அளவுகோலோடு ஒப்பிடப்பட்டன, வயதின் கீழெல்லை எது, மேலெல்லை எது, 18-ஐக் கடந்திருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பன ஒவ்வோர் அறிக்கையிலும் இடம்பெற வேண்டும். பிழைக்கான இரண்டு ஆண்டு ஏற்கெனவே எல்லைகளுள் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதும் எழுதப்பட வேண்டும். இல்லையேல் ஒரே பிழை மருத்துவமனையில் ஒருமுறையும் நீதிமன்றத்தில் மறுமுறையும் கூட்டப்படும்.

இரண்டாவதாக, ஒரே உறுப்பை மட்டும் நம்புதல் கூடாது. 2000-ஆம் ஆண்டில் பெர்லினில் தோன்றிய வயது நிர்ணய ஆய்வுக் குழு, உடற்பரிசோதனை, கையின் எக்ஸ்-கதிர்ப் படம், பல் பரிசோதனை ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்யவும், கை எலும்புகள் முழுதும் இணைந்திருந்தால் மட்டும் காறை எலும்பைச் சோதிக்கவும் பரிந்துரைக்கிறது. சிறுவர் சிலருக்கு 16, 17 வயதிலேயே கை முழுதும் முதிர்ந்துவிடுவதால், முதிர்ந்த கையை மட்டும் காட்டி 18 நிரம்பியது என்று கூறுதல் தவறு. காறை எலும்பின் உள்முனை முழுதும் இணைந்திருக்குமாயின் அவ்வாறு கூற இடமுண்டு. கையின் படத்திற்கு வேண்டிய கதிர்வீச்சு, ஒருவர் ஒரு நாளில் இயற்கையிலிருந்து பெறுவதைவிடக் குறைவு; காறை எலும்பின் வெட்டுப் படத்திற்கு அதைவிடப் பன்மடங்கு தேவைப்படுவதால், அது கடைசியாகவே கையாளப்பட வேண்டும்.

மூன்றாவதாக, பிறந்த தேதி உறுதியாகத் தெரிந்த இந்தியப் பிள்ளைகளைக் கொண்டு, பல மாநிலங்களிலும், வசதி உள்ளோர் இல்லாதோர் இருசாராரையும் உள்ளடக்கிய புதிய அளவுகோல் அமைக்கப்பட வேண்டும். கணிப்பொறி அறிஞர்களின் திறமை இப்பணிக்கே பெரிதும் தேவை. நிபுணரின் கண்ணோடு போட்டியிடுவதைவிட, பிறந்த தேதியோடு ஒப்பிட்டு, ஐயத்தின் அளவையும் சேர்த்துக் கூறும் முறைகளை ஆக்குவது அவர்களுடைய உழைப்புக்கு ஏற்ற பயன் தரும்.

நான்காவதாக, எலும்பைக் கேட்க வேண்டிய தேவையே குறைய வேண்டும். 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 5 வயதிற்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 89 பேரின் பிறப்பு பதிவாகியிருந்தது. அதற்கு முந்திய ஆய்வில் இது ஏறத்தாழ 80 ஆக இருந்தது. முன்னேற்றம் மகிழ்ச்சிக்குரியதே. எஞ்சிய 11 பேருள் பலர் நாளைக்கு ஏதேனும் ஒரு பட்டறையிலோ கட்டட வேலையிடத்திலோ காணப்படுவர். தொழிலாளர் குடும்பங்கள் வந்து தங்கும் இடங்களிலேயே பிறப்புகளைப் பதிவு செய்யவும், விடுபட்டவற்றைத் தாமதப் பதிவாகச் சேர்க்கவும், சொந்த மாநிலத்திலிருந்து பள்ளிப் பதிவுகளை விரைந்து வரவழைக்கவும் உள்ளூர் அதிகாரிகள் ஏற்பாடு செய்தல் வேண்டும். எக்ஸ்-கதிர்ப் படத்திற்கு உத்தரவிடுமுன், பிள்ளை எந்த ஊரில் எந்தப் பள்ளியில் படித்தான் என்று அவனுக்குத் தெரிந்த மொழியில் ஒருவர் அமர்ந்து கேட்டாலே பல வழக்குகளில் எலும்புச் சோதனை தேவைப்படாது போகும்.